ஊட்டியில் பேய் வீட்டுக்குள் போவதற்கு முன்னால்

கேள்வி கேட்டவர் திருப்பூரிலிருந்து மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி வருகிறார். மாமியார், நான்கு வயதுப் பையன், பத்து வயதுப் பெண், கல்லூரியில் படிக்கும் கொழுந்தன், அவனுடைய கூட்டாளிகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். ஏரிப் பக்கம் போனால் பேய் வீட்டுக்குள் போயே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். போன வருஷம் வேறொரு ஊரில் இப்படிப் போனபோது கொழுந்தன் பயத்தில் கையை வீச, வேஷம் போட்டிருந்தவருக்கு மூக்கில் அடிபட்டு, வாசலில் பெரிய சண்டையாகிவிட்டதாம். உள்ளே எப்படி நடந்துகொள்வது, யாரை அழைத்துப் போகலாம், நடுவில் முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

ஊட்டியில் இப்படிப்பட்ட வீடு ஒன்றில் சில சீசன்கள் முகமூடி மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்புறம் அதே மாதிரி இடங்களுக்கு லைட், சவுண்டு வேலையும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் சுவருக்கு இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரியும்.

முதலில் அந்த மூக்கு விஷயம். உங்கள் கொழுந்தன் வேண்டுமென்றே அடித்திருக்க மாட்டார். திடுக்கிடும்போது உடம்பு நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. கண் மூடும், தோள் தூக்கும், கை முகத்துக்கு முன்னால் வரும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இதெல்லாம் தொடங்கிவிடும். அதுவரை யாரையும் குறை சொல்ல முடியாது. அதற்கு அடுத்து வருகிற குத்து, உதை, கெட்ட வார்த்தை மட்டும் நம் கணக்கில்தான் சேரும். அதைத் தடுக்க எளிய வழி, கைக்கு முன்கூட்டியே ஒரு வேலை கொடுத்துவிடுவது. கையைக் கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் வருபவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேன்ட் பாக்கெட்டுக்குள் மட்டும் விடாதீர்கள். இருட்டில் தடுக்கினால் ஊன்றுவதற்குக் கை வேண்டும்.

எதிரில் நிற்கிற ஆளின் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். முகமூடியில் கண்ணுக்கு விட்டிருக்கும் ஓட்டை வழியாக நேரே கொஞ்சம் தெரியும், பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாது. உள்ளே ரப்பர் வாடை, வியர்வை. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஓர் ஆள் மட்டுமே நிற்கக்கூடிய சந்தில் நாள் முழுக்க நிற்கிறார். பின்னால் நகர இடம் கிடையாது. நீங்கள் வீசும் கை அவருக்குக் கடைசி நொடியில்தான் தெரியும், அப்போது விலகவும் முடியாது. பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்கள், தினக்கூலி. சீசனில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தடவை அதே கத்தலைக் கத்தித் தொண்டை கட்டிப்போய் இருப்பார்கள்.

இந்த மாதிரி இடங்களில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. அவர் உங்களைத் தொட மாட்டார், நீங்கள் அவரைத் தொடக் கூடாது. முகமூடியைப் பிடித்து இழுப்பது, விக்கைப் பறிப்பது, பொம்மையா ஆளா என்று பார்க்கக் கிள்ளுவது எல்லாமே இந்த ஒப்பந்தத்தை மீறுவதுதான். மறுபக்கமும் அப்படியே. தொங்கவிட்ட நூல், ஈரத்துணி, காற்று பீய்ச்சும் குழாய் மேலே படுவது வேறு, ஆள் கையால் தொடுவது வேறு. சந்தேகமாக இருந்தால் டிக்கெட் கவுண்டரிலேயே "உள்ளே இருக்கிறவங்க தொடுவாங்களா?" என்று நேராகக் கேளுங்கள். தொடுவார்கள் என்று பதில் வந்து, அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். வருபவர்களில் பாதிப் பேர் செய்யும் தப்பு இங்கேதான். உள்ளே நுழைந்ததும் போன் டார்ச்சைப் போட்டுவிடுகிறார்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். உள்ளே நிற்பவரின் கண் அப்படிப் பழகியிருக்கும், அதை நம்பித்தான் அவர் உங்கள் மேல் மோதாமல் வந்து திரும்புகிறார். முகத்துக்கு நேரே டார்ச் அடித்தால் அந்தப் பழக்கம் நொடியில் போய்விடும். அப்புறம் சில நிமிடங்களுக்கு அவருக்கு ஒன்றும் தெரியாது, உங்கள் பின்னால் வருபவர்கள் மேல் போய் மோதுவார். போட்டோ எடுக்கும் பிளாஷும் இதையேதான் செய்யும். உங்கள் பக்கம் சிக்கல் தலைகீழ். ஏரி வெயிலில் நின்றுவிட்டு நேராக உள்ளே போகிறீர்கள், அதனால்தான் முதல் வளைவிலேயே சுவரில் இடித்துக்கொள்கிறீர்கள். வரிசையில் நிற்கும்போது ஒன்றிரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கூலிங் கிளாஸைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். எவ்வளவோ பரவாயில்லாமல் இருக்கும்.

டார்ச் போட்டால் வேடிக்கையும் கெட்டுவிடும். சில இடங்களில் சாய்த்து வைத்த கண்ணாடியில் பாதி ஊடுருவித் தெரிகிற உருவம் ஒன்றைக் காட்டுவார்கள். 1862 கடைசியில் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் காட்டிப் பிரபலமாக்கிய உத்தி அது. 1969-இல் கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் திறந்த பேய் மாளிகையிலும் இதுதான் பெரிய அளவில் வேலை செய்கிறது. கண்ணாடிக்கு முன்னால் இருட்டாக இருந்தால்தான் உருவம் தெரியும். நீங்கள் டார்ச் அடித்தால் பேய் காணாமல் போய் அங்கே நீங்கள் நிற்பீர்கள்.

லைட்டர், தீப்பெட்டி விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில், சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வெஞ்சர் பூங்காவிலிருந்த பேய்க் கோட்டை தீப்பிடித்து எட்டுப் பதின்வயதுப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். உள்ளே ஓரிடத்தில் விளக்கு சரியாக எரியவில்லை, வழி பார்க்க ஒரு பையன் லைட்டரைக் கொளுத்தினான், அது சுவரில் பதித்திருந்த ஃபோம் மெத்தையில் பட்டுவிட்டது என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். நம்மூர்ப் பேய் வீடுகளும் பிளைவுட், கறுப்புத் துணி, ஃபோம், சாக்கு, பெயின்ட் இவற்றால்தான் நிற்கின்றன. கொழுந்தனின் கூட்டாளிகள் யாராவது சிகரெட் பிடிப்பவர்களாக இருந்தால் லைட்டரை வேனிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். உள்ளே போகும் முன் அவசர வழி எங்கே என்று வாசலில் கேட்பதும் உங்கள் உரிமை. பதில் சொல்லத் திணறினால் டிக்கெட் வாங்காதீர்கள். பேய் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் சரி.

நடக்கிற விஷயம். பயமுறுத்துபவர்களுக்கு முதலில் கற்றுத் தருவது, ஆட்களை முன்பக்கமாக ஓடவைக்க வேண்டும் என்பதுதான். பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வருவார்கள், நீங்கள் வெளியேறும் வாசலை நோக்கி நகர்வீர்கள், கூட்டம் தேங்காது. அதனால் பயந்தால் முன்னால் போங்கள். பின்னால் திரும்பி ஓடினால் அடுத்த குழு மேல் விழுவீர்கள், அதில் ஒரு குழந்தை இருக்கலாம். ஓட்டமே வேண்டாம், வேகமாக நடந்தாலே போதும். தரை சமமாக இருக்காது, வேண்டுமென்றே மெத்மெத்தென்று வைத்திருப்பார்கள். சங்கிலி மாதிரி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு போவது நம் ஆட்களுக்குப் பிடிக்கும். நான்கு பேருக்கு மேல் அப்படிப் போகாதீர்கள், ஒருவர் விழுந்தால் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு விழுவார். இன்னொன்று, கல்லூரிப் பையன்கள் இருட்டுச் சந்தில் ஒளிந்துகொண்டு அடுத்த குழுவைத் தாங்களே பயமுறுத்துவார்கள். அவர்களுக்கு அது பெரிய காமெடி. சம்பளம் வாங்கும் பேய்க்கு எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நெருங்க வேண்டும் என்று தெரியும். இவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலான அடிபடுதல்கள் இப்படித்தான் நடக்கின்றன.

நடுவில் முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பேய் வீட்டுக்குள் "ஐயோ அம்மா, காப்பாத்துங்க, விட்டுடுங்க" என்று கத்தினால் உள்ளே நிற்பவருக்கு அது கைதட்டல் மாதிரி. இன்னும் உற்சாகமாக இரண்டடி முன்னால் வருவார். நிஜமாகவே முடியவில்லை என்றால் கத்தாமல், சாதாரணமாகக் கடையில் பேசுகிற குரலில், "அண்ணா, நிறுத்துங்க. உடம்புக்கு முடியல. வெளியே போகணும்" என்று சொல்லுங்கள். கையை உயர்த்திக்கொண்டு ஒரே இடத்தில் நில்லுங்கள். அந்தக் குரலின் வித்தியாசம் அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். பழகிய ஆளாக இருந்தால் முகமூடியைத் தூக்கிவிட்டு, பக்கத்துக் கதவு வழியாக அழைத்துக்கொண்டு போய் வெளியே விடுவார். வாசலில் நிற்பவரிடம் முன்கூட்டியே "பாதியில வரணும்னா என்ன சொல்லணும்?" என்று கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சில இடங்களில் அதற்கென்று ஒரு வார்த்தையே வைத்திருப்பார்கள்.

சரி, யாரை அழைத்துப் போகலாம்? நான்கு வயதுப் பையனை வேண்டவே வேண்டாம். அந்த வயதில் முகமூடிக்குள் இருப்பது பக்கத்து வீட்டு அண்ணன் என்று சொன்னாலும், கண்ணெதிரே கழற்றிக் காட்டினாலும் மனசு ஏற்றுக்கொள்ளாது. அன்றைக்கு அழுவது பெரிய விஷயம் இல்லை, அப்புறம் பல ராத்திரி தூங்காமல் உங்களைப் பாடாய்ப் படுத்துவான். பத்து வயதுப் பெண் அவளாகக் கேட்டால் போகட்டும், பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு. வாசலில் வந்து மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். "இதுக்கே பயந்தா எப்படி", "எல்லாரும் பாக்கறாங்க" என்று குழந்தையை உள்ளே தள்ளுவதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முகமூடிக்குள் நின்றுகொண்டு அழுகிற பிள்ளையைப் பார்ப்பது எங்களுக்கும் சந்தோஷமான வேலை இல்லை. நாங்கள் பல தடவை சுவரோடு ஒட்டி நின்று, சத்தமில்லாமல் அனுப்பிவைத்திருக்கிறோம்.

மாமியாருக்கு ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் வெளியிலேயே உட்காரட்டும். மூட்டு வலி இருந்தாலும் அப்படித்தான், இருட்டில் படி தெரியாது. கர்ப்பிணிகளுக்கும் இதே காரணம்தான். காத்து கருப்பு அண்டும் என்று வீட்டில் சொல்வதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், கால் இடறி விழுவது நிஜம். மாமியார் திருநீறு பூசிக்கொண்டுதான் போவேன் என்றால் பூசிக்கொள்ளட்டும், அதைக் கிண்டல் செய்ய வேண்டாம். பேய் வேஷம் கட்டும் பையன்களே காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் முகமூடியைத் தொடுவார்கள்.

வலிப்பு நோய் இருப்பவர்கள் மின்னி மின்னி எரியும் ஸ்ட்ரோப் லைட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நொடிக்கு 3 முதல் 30 தடவை மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்டால் கண்ணை மூடுவது மட்டும் போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திக்கொண்டு, விளக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி வெளியே வந்துவிட வேண்டும். புகை மெஷினில் வருவது தண்ணீரும் கிளைக்காலோ கிளிசரினோ கலந்த ஆவிதான் என்றாலும், சின்ன அறையில் அடைந்து நிற்கும்போது ஆஸ்துமாக்காரர்களுக்கு இருமல் வரும். அதிலும் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, வாந்தி எடுத்து, தலை சுற்றிக்கொண்டு வேனிலிருந்து இறங்கிய உடனே பேய் வீட்டுக்குப் போகாதீர்கள். அறைக்குப் போய்ச் சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் வாருங்கள்.

பெண்கள் விஷயம். இருட்டைச் சாக்காக வைத்துக் கையை நீட்டுகிற ஆட்கள் வருவதுண்டு. பெரும்பாலும் பார்வையாளர்கள்தான், அதுவும் குடித்துவிட்டு வருகிறவர்கள். முன்பின் தெரியாத கூட்டத்தோடு சேர்த்து உள்ளே அனுப்பினால், "நாங்க தனியா போறோம், அடுத்ததுல அனுப்புங்க" என்று சொல்லுங்கள், தயங்க வேண்டாம். ஏதாவது நடந்தால் அந்த இடத்திலேயே சத்தம் போட்டு லைட்டைப் போடச் சொல்லலாம். இருட்டிலும் பதிவாகும் கேமரா பல இடங்களில் இருக்கிறது. மகளிர் உதவி எண் 181. உங்களோடு வரும் பையன்களிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், குடித்திருந்தால் உள்ளே கிடையாது என்று. வாசலில் நிற்பவர் திருப்பி அனுப்பினால் அவரிடம் மல்லுக்கு நிற்கக் கூடாது.

மலைக்கு வந்தவர்கள் போட்டிருக்கும் துணிமணியே உள்ளே ஒரு தொந்தரவு. நீளமான சால்வை, துப்பட்டா, புடவை முந்தானை எல்லாம் பொம்மைகளின் கம்பியில், கீலில் மாட்டும். சென்சார் வைத்த பொம்மை காற்றழுத்தத்தில் சடாரென்று முன்னால் வரும், அதில் துணி மாட்டினால் இழுத்துவிடும். இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். காதை மூடும் மங்கி குல்லாயைக் கழற்றுங்கள், இல்லையென்றால் யாராவது "இங்கே படி இருக்கு" என்று சொல்வது கேட்காது. வெளியே குளிர், உள்ளே கூட்டச் சூடு, கண்ணாடி போட்டவர்களுக்கு லென்ஸ் ஆவி படிந்துவிடும், துடைக்கத் துணி வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் குடையை வெளியே விடுங்கள், செருப்பை மிதியடியில் நன்றாகத் தேயுங்கள்.

வீடியோ எடுக்கலாமா என்றால், கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வெளியே வந்தபின் வரிசையில் நிற்பவர்களிடம் "மூணாவது ரூம்ல இடது பக்கம் தொங்குது" என்று சொல்வதுதான் எனக்குத் தெரிந்த மிகப்பெரிய மரியாதைக்கேடு. அவர்களும் காசு கொடுத்திருக்கிறார்கள். "ஒண்ணுமே இல்ல, வேஸ்ட்" என்று உரக்கச் சொல்லுவதும் அதே ரகம். சொல்ல வேண்டியதை நிர்வாகத்திடம் சொல்லுங்கள். உண்மையிலேயே நன்றாகப் பயந்தீர்கள் என்றால், வெளியே முகமூடியைக் கழற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கும் பையனிடம் "நல்லா பண்ணுனீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போங்கள். டீக்கு இருபது ரூபாய் கொடுத்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பேய் வீடு சப்பென்று இருந்தது, நிஜப் பேய் பார்க்கப் போகலாம் என்று ராத்திரி கிளம்புகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. கொழுந்தன் வகையறா அதில் சேர வாய்ப்பு உண்டு என்பதால் சொல்கிறேன். செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே பகலில் அமைதியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், இரவில் சுவர் ஏறிக் குதித்து ரீல்ஸ் எடுப்பதற்கான இடம் அது இல்லை. பாழடைந்த எஸ்டேட் பங்களாக்களும் யாரோ ஒருவருடைய சொத்துதான். அதைவிட முக்கியம், நீலகிரியில் ராத்திரி தேயிலைத் தோட்டத்துக்குள் கரடி, காட்டெருமை, சிறுத்தை எல்லாம் நடமாடும். முகமூடி கிடையாது, எழுதாத ஒப்பந்தமும் கிடையாது. ஆவி மாதிரி ஏதாவது பார்த்தே தீர வேண்டும் என்றால் கொடைக்கானல் போகும்போது கோக்கர்ஸ் வாக்கில் முயற்சி செய்யட்டும். முதுகுப் பக்கம் வெயிலும் எதிரில் பள்ளத்தாக்கு நிறைய மூடுபனியும் இருந்தால், அவரவர் நிழலே பனி மேல் பெரிதாக விழுந்து தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு தெரியும். எல்லா நாளும் கிடைக்காது, அதிர்ஷ்டம் வேண்டும்.

கடைசியாக, நேரமும் காசும். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம் என்பதால் சனி, ஞாயிறு மாலைகளில் குழுக்களுக்கு நடுவே இடைவெளியே விடாமல் அடுத்தடுத்து உள்ளே தள்ளுவார்கள். பயமும் வராது, நெரிசல்தான் மிச்சம். வார நாளில் காலையில் போங்கள். பாதியில் வெளியே வந்தால் பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது, அதற்குக் கவுண்டரில் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆகவே ஒன்பது டிக்கெட்டை மொத்தமாக எடுத்துவிடாமல், வாசலில் நின்று உள்ளே கேட்கும் சத்தத்தைப் பிள்ளைகள் ஐந்து நிமிடம் கேட்டபிறகு யார் யார் வருகிறார்கள் என்று எண்ணிவிட்டு வாங்குங்கள். வராதவர்கள் மாமியாரோடு உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிடட்டும், சின்னவனையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.